பெயர் தெரியாத கொடியா? பூவைக் கடைசியில் பாருங்கள்

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தால் போதும், எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஏதாவது ஒரு கொடி புதிதாக ஏறியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஏறிய ஒன்று என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. வெள்ளையும் வெளிறிய ஊதாவுமாக, நடுவில் நூல் நூலாகச் சிலிர்த்து நிற்கும் பூ. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பூவைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊரில் செடிகொடி பற்றி விவரம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். பையிலிருந்து வெளியே வந்தது ஈரமான ஒரு கசங்கல். "கொடி எதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது?" என்று கேட்டார். தெரியவில்லை. "இலையைக் கசக்கினால் என்ன வாடை?" அதுவும் தெரியவில்லை. மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கொடியை அடையாளம் காண்பதில் பூ கடைசிச் சாட்சி என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பூ நிறம் மாறும், நேரம் பார்த்து மூடிக்கொள்ளும், கிள்ளினால் அரை மணி நேரத்தில் உருத்தெரியாமல் போகும். ரங்கூன் மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெள்ளையாக விரிகிறது, மறுநாள் இளஞ்சிவப்பாகிறது, அதற்கடுத்த நாள் அடர்சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். "சிவப்புப் பூக் கொடி" என்று எழுதி வைத்துக்கொண்டு தேடினால் எங்கே போய் நிற்போம்? செங்காந்தளும் அப்படித்தான், மஞ்சளும் பச்சையுமாகத் தொடங்கிச் செந்தீயாக முடிகிறது. ஏறும் விதமும் இலை அமைப்பும் இப்படி நாளுக்கு ஒரு வேஷம் போடுவதில்லை.

கை வைப்பதற்கு முன்

முதலில் எச்சரிக்கை. தெரியாத கொடியின் எந்தப் பகுதியையும் வாயில் வைக்காதீர்கள். செங்காந்தள் நம் மாநில மலர்தான். ஆனால் அதன் கிழங்கில் உள்ள கோல்கிசின் ஆளைக் கொல்லும். வேலியில் காய்ந்து வெடித்துச் சிரிக்கும் குன்றிமணியின் விதையில் ஆப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையைத் தின்றால் இனிப்பே தெரியாது என்பது உண்மை. இதைச் சோதனையாகச் செய்து காட்டும் பெரியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கொடியை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர் செய்யும் வித்தை அது. எந்த இலை என்றே தெரியாதவர் மென்று பார்த்து அடையாளம் காண நினைப்பது விபரீதம்.

தொடுவதற்கும் ஒரு வரம்பு வேண்டும். கருஞ்சிவப்பு ஊதாவில் குலையாகத் தொங்கும் பூவும், பழுப்புப் பட்டுப் போன்ற சுணை மூடிய காயும் கண்ணில் பட்டால் இரண்டு அடி பின்வாங்குங்கள். அது பூனைக்காலி. அந்தச் சுணை காற்றில் பறந்து மேலே பட்டாலே அரிப்பு உயிரை வாங்கும். பால் வடியும் கொடியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

எதைப் பிடித்து ஏறுகிறது?

இந்த ஒரு கேள்விக்குப் பொறுமையாகப் பதில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். கொடி என்பது சொந்தமாக நிமிர்ந்து நிற்க வலுவில்லாத தண்டு. அந்தக் குறையை ஒவ்வொரு குடும்பமும் தன் தன் வழியில் ஈடுகட்டியிருக்கிறது.

தண்டே கொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். சங்குப்பூ, அவரை, வேலிப்பருத்தி, தாளி எல்லாம் இந்த ரகம். பிடித்து ஏற உதவும் நூல் போன்ற சுருளான பற்றுக்கம்பி ஒன்றுகூட இருக்காது. முல்லைக்கும் பற்றுக்கம்பி கிடையாது. பாரியின் தேர் அதற்குத் தேவைப்பட்டதில் வியப்பில்லை. சுற்றும் திசையையும் குறித்துக்கொள்ளலாம். கொம்புக்கு நேராக நின்று பார்த்தால், பெரும்பாலான கொடிகளில் முன்பக்கம் தெரியும் தண்டு இடக்கீழிலிருந்து வல மேலாக ஏறும். ஒரு கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதை மாற்றிக்கொள்வது அரிது. வள்ளிக்கிழங்கு வகைகளைப் பிரிக்க இது நன்றாக உதவும்: பெருவள்ளி வலப்பக்கம் ஏறும், சிறுவள்ளி இடப்பக்கம் ஏறும்.

பற்றுக்கம்பி இருந்தால் அது எங்கிருந்து புறப்படுகிறது என்று கணுவில் கண்ணை வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடும். எனக்கு இதுதான் கொடிகளின் கைரேகை. கோவை, பாகல், புடலை, சுரை முதலிய பூசணிக் குடும்பத்தில் கம்பி இலைக்காம்பின் பக்கவாட்டில் முளைக்கும். பிரண்டையிலும் திராட்சையிலும் இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் முளைக்கும். முடக்கத்தானில் பூக்காம்பிலேயே, பூக்களுக்குச் சற்றுக் கீழே, இரண்டு சின்னச் சுருள்கள் இருக்கும். மதில்களில் இளஞ்சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும் கொடி ரோஜாவில் பூங்கொத்தின் நுனியே கம்பியாகிவிடும். செங்காந்தளில் இலையின் நுனி நீண்டு சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிக்கும். நம் பக்கம் இப்படி இலை நுனியால் ஏறுவதும் நரம்புகள் இணைகோடாக ஓடுவதுமாக ஒரு கொடியைக் கண்டால் பூவுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். பூண்டுக்கொடியில் இரண்டு சிற்றிலைகளுக்கு நடுவே, மூன்றாவது சிற்றிலை இருக்க வேண்டிய இடத்தில், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்.

என் வேலிக் கொடிக்குத் திரும்புகிறேன். ஆசிரியர் வீட்டிலிருந்து வந்த மறுநாள் காலை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணுவைப் பார்த்தேன். கம்பி இலையின் கக்கத்தில், காம்புக்கும் தண்டுக்கும் நடுவிலிருந்து நேராகப் புறப்பட்டது. பக்கவாட்டில் இல்லை, எதிரிலும் இல்லை. பூசணிக் குடும்பம் அன்றைக்கே கழிந்துபோயிற்று.

மிச்சம் இரண்டு வகை. கொக்கியோ முள்ளோ மாட்டி ஏறுபவை ஒன்று. மனோரஞ்சிதத்தில் பூக்காம்பு வளைந்து தடித்துக் கொக்கியாகிறது, காகிதப்பூவில் முள், ரங்கூன் மல்லியில் இலை உதிர்ந்த பிறகு தங்கிவிடும் காம்பின் அடிப்பகுதி. வேரால் ஒட்டிக்கொண்டு ஏறும் மிளகும் வெற்றிலையும் இன்னொன்று. கொல்லைப்புற வேலியில் இவை அதிகம் குழப்பாது.

இலை

பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒரு கணுவில் எத்தனை இலை? இலை தனியா, கூட்டா?

கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக இருந்தால் மல்லிகைக் குடும்பம், எருக்கங் குடும்பத்துப் பால்கொடிகள், பூண்டுக்கொடி என்று வட்டம் சுருங்கும். ஒன்று மாற்றி ஒன்றாக இருந்தால் அவரை, பூசணி, தாளிக் குடும்பங்கள். கணுவைச் சுற்றி மூன்று நான்கு இலை வட்டமாக நின்று, மஞ்சள் புனல் பூவும் இருந்தால் அலமண்டா.

கூட்டிலையைத் தனியிலை என்று நினைப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஐந்தோ ஏழோ சிறு இலைகள் கொண்ட சங்குப்பூக் காம்பைப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஓர் இலை என்று எண்ணிவிடுவார்கள். கக்கத்தில் மொட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மொட்டு இருக்கும் இடத்தில்தான் இலை தொடங்குகிறது. சிற்றிலைகளின் அடியில் மொட்டு இருக்காது.

முல்லைக்கும் மல்லிகைக்கும் வேறுபாடு கேட்பவர்களுக்கு நான் இலையைத்தான் காட்டுவேன். முல்லையின் இலைக்கு அடியில் காது மடல் போல இரண்டு குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில இலைகளில் அவை இல்லாமலும் போகும், அதனால் ஒரே இலையோடு நிறுத்தாமல் பத்து இலையைப் பாருங்கள். நன்னாரி இன்னும் மோசம். ஒரே கொடியில் ஓர் இலை நூலாக நீண்டும் இன்னொன்று முட்டை வடிவிலும் இருக்கும்; நடுநரம்பை ஒட்டிய வெண்மைதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

பால், வாடை, சுணை

ஓர் இலையைக் காம்போடு கிள்ளி, முறிந்த இடத்தைப் பத்து விநாடி பாருங்கள். வெள்ளைப் பால் துளிர்த்தால் எருக்கங் குடும்பம் அல்லது அலரிக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். தாளி வகைகள் சிலவற்றிலும் மெல்லிய பால் வரும். அப்புறம் இலையைக் கசக்கி முகருங்கள். பூண்டுக்கொடியில் சமையலறையே வந்து நிற்கும். வேலிப்பருத்தியின் நாற்றம் ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. என் வேலிக் கொடியும் நாறியது. இலையும் தண்டும் மயிர் அடர்ந்து பிசுபிசுத்தன. மூன்று மடலாகப் பிளந்த இலை. ஆக, கக்கத்துக் கம்பி, மாற்றிலை, மூன்று மடல், பிசுக்கு, நாற்றம். பூவைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் எழுதாமலே நோட்டில் அரைப் பக்கம் நிரம்பியிருந்தது.

இப்போது பூ

முதலில் நேரம். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுரையும் புடலையும் அந்தியில் விரிபவை. என் கொடி காலையில் விரிந்து, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் சுருங்கிவிட்டது. முதல் வாரம் நான் மாலையில் போய்ப் போய் ஏமாந்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்து வடிவம். அல்லியிதழ்கள் தனித்தனியா, ஒட்டிப் புனலாகிவிட்டனவா? மொட்டிலேயே குடை மடித்தது போல முறுக்கி, விரிந்ததும் ஒட்டுமொத்தப் புனலாக நின்றால் தாளிக் குடும்பத்தின் பக்கம் தேடுங்கள். இறகு போலப் பிளந்த இலையும் சிவப்பு நட்சத்திரப் பூவும் உடைய மயில்மாணிக்கம்கூட அந்தக் குடும்பம்தான், நீண்ட குழலைப் பார்த்தால் தெரியும். ஒரு பெரிய இதழ் விரிந்து மற்றவை ஒடுங்கியிருந்தால் அவரைக் குடும்பம். சங்குப்பூவில் அந்தப் பெரிய இதழ் கீழ்ப்பக்கமாகத் தொங்குவது போலத் தெரியும், மொத்தப் பூவும் தலைகீழாக நிற்பதால்.

இதழ்போலத் தெரிவதெல்லாம் இதழும் அல்ல. காகிதப்பூவில் நிறமாக இருப்பவை பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவில் சிறு வெள்ளைக் குழல். பூவைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த ஏமாற்றம் நேராது. என் கொடியின் புதிர் அவிழ்ந்ததும் பின்பக்கத்தில்தான். மொட்டையும் பூவையும் பச்சைப் பாசி போன்ற வலைச் செதில்கள் மூன்று பொதிந்திருந்தன. அந்த வலையின் பிசுக்கில் கொசு அளவுப் பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன.

காய் வரும்வரை பொறுப்பது

பூத்த கொடி சில வாரத்தில் காய்க்கும். அதுவரை பொறுக்கலாம் என்றால் பொறுங்கள். முடக்கத்தானின் காற்றடைத்த முப்பட்டைக் காயையும், கறுப்பு விதை மேல் இருக்கும் வெள்ளை இதய வடிவத்தையும் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமில்லை. வேலிப்பருத்தியின் இரட்டைக் காயில் மென்முள் இருக்கும், வெடித்தால் பஞ்சு பறக்கும்.

கோவைக்கும் ஐவிரலிக்கும் உள்ள குழப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றைத் தின்கிறோம், மற்றதைத் தின்னக் கூடாது. இரண்டும் பூசணிக் குடும்பம், இரண்டும் ஒரே வேலியில் ஏறும், இரண்டிலும் பழம் சிவப்பு. கோவையின் பற்றுக்கம்பி கிளைக்காது, இலை வழவழப்பு, பூ பெரிய வெள்ளை, பழம் நீளவாக்கில் ஒரே சிவப்பு. ஐவிரலியின் கம்பி இரண்டாகக் கிளைக்கும், இலை விரல் விரித்தது போல ஐந்தாக ஆழமாகப் பிளந்திருக்கும், பூ வெளிறிய மஞ்சளில் சிறிதாகக் கொத்தாக வரும், பழம் உருண்டையாக, சிவப்பின் மேல் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோடு போட்ட அந்த அழகுப் பழத்தைத்தான் குழந்தைகள் முதலில் பறிப்பார்கள். பெண் கொடி, ஆண் கொடி என்று கோவையில் தனித்தனி. உங்கள் கொடி பூத்துக்கொண்டே இருந்தும் காய்க்கவில்லை என்றால் அது ஆண் கொடியாக இருக்கலாம்.

படம் எடுப்பது

கையில் போன் இருக்கும்போது பூவைப் பறிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்த ஒரே படம் யாருக்கும் உதவாது. கொடி ஏறியிருக்கும் இடம் முழுதும் தெரிய ஒன்று, கணு நெருக்கமாக ஒன்று, இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், பூ முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பின்னிருந்தும், காய் இருந்தால் காய். ஏதாவது ஒரு படத்தில் பக்கத்தில் அளவுகோலை வையுங்கள். தேதி, ஊர், நின்ற இடம் (வேலியா, கண்மாய்க் கரையா, மலையடிவாரமா), வாடை, பால் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வாடையைப் போன் படம் பிடிக்காது. காப்புக் காட்டில் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது, அங்கே படத்தோடு நிறுத்துவதுதான் முறை.

உலர் மாதிரி வேண்டுமென்றால், இலையும் பூவும் உள்ள ஒரு முழங்கைத் துண்டைச் செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தினமும் தாளை மாற்றுங்கள். மழைக்காலத்தில் தாள் மாற்ற மறந்தால் பூஞ்சணம் பூத்துவிடும்.

பெயருக்கு வருவது

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் நல்ல கருவிகள்தான், ஆனால் அவை சொல்வதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள், துப்பாக எடுங்கள். செயலி ஒரு பெயர் சொன்னதும், அந்தக் கொடியின் பற்றுக்கம்பி, இலை அடுக்கு, பால் ஆகியவை உங்கள் நோட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். ஒன்று ஒத்துவராவிட்டாலும் பெயரைத் தள்ளிவையுங்கள். ஐநேச்சுரலிஸ்டிலும் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் படத்தைப் போட்டால் மனிதர்கள் வந்து திருத்துவார்கள், அது பெரிய வசதி. சிலவேளை பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வரைதான் போக முடியும். தாளியின் இனத்தில் அது அடிக்கடி நடக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ்ப் பெயரை எப்போதும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். சம்பங்கி என்றால் பூக்கடையில் கிழங்கிலிருந்து முளைக்கும் ஒரு செடி. கொடிச்சம்பங்கி அதற்குச் சொந்தமே இல்லாத வேறு கொடி. சங்குப்பூவைக் காக்கணம் என்றும் சொல்வார்கள், சங்கப் பாடலில் அது கருவிளை. தமிழ்ப் பெயரோடு இருசொல் அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதிவைத்தால்தான் அடுத்த மாவட்டத்துக்காரருக்கும் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று புரியும்.

கீரை விற்கும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும் வேலிக்கொடிகளைப் பற்றிப் பல பட்டதாரிகளைவிட நன்றாக அறிந்தவர்கள். எதை ஆடு தின்னாது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டலமும், அதன் மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) இருக்கின்றன. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கு நோட்டோடு போனாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

என் கொடிக்குப் பெயர் சொன்னது இவர்களில் யாருமில்லை. நோட்டில் எல்லாம் எழுதி முடித்து, செயலி காட்டிய மூன்று பெயர்களில் இரண்டை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பள்ளி விட்டு வந்த பக்கத்து வீட்டுச் சிறுமி வேலியில் கைவிட்டு, பச்சை வலைக்குள் மஞ்சளாகப் பழுத்திருந்த ஒன்றைப் பறித்து உறிஞ்சினாள். "மூக்குச்சளிப்பழம், மாமா. காயைத் தின்னக் கூடாது, பழம்தான் திங்கணும்" என்றாள். அவள் சொன்னது சரி. பச்சைக் காயில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. மூன்றாவது பெயரும் அதுதான்: பாஸிஃப்ளோரா ஃபோய்ட்டிடா, சிறுபூனைக்காலி. தாட்பூட் பழத்தின் உறவு, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் வேலிகளில் குடியேறியது.

மாலையில் ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி, கம்பி எங்கிருந்து வந்தது?" என்றார். இந்த முறை பதில் இருந்தது. அதே வாரம் எங்கள் தெருவில் சிறுபூனைக்காலி என்ற பெயரைக் கேட்ட ஒருவர், அரிப்புக் கொடி என்று பயந்து அரிவாளோடு வந்துவிட்டார். சுணை நிறைந்த காய் எங்கே என்று அவரையே தேடச் சொன்னேன். காய் கிடைக்கவில்லை, இலைகளில் முள்முள்ளாகச் சில புழுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு வாரத்தில் அவை ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகளாக வேலியைச் சுற்றிப் பறந்தன. அவற்றின் பெயரை இன்னும் நான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.